அம்பு தாங்கிய படைவீரர்: தமிழ் வழிபாட்டு மரபில் புனித செபஸ்தியார்

ஆய்வுச் சுருக்கம்

உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்தில் கொல்லப்பட்ட படைவீரராகக் கருதப்படும் செபஸ்தியார், தமிழகத்திலும் ஈழத்திலும் கொள்ளைநோயிலிருந்து காப்பவராகப் போற்றப்படுகிறார். இவ்வழிபாட்டை மாரியம்மன் வழிபாட்டின் பதிலீடாகக் கொள்ளும் விளக்கம் இக்கட்டுரையில் மறுஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது. அம்புக்கும் நோய்க்குமான தொடர்பும் நேர்ச்சை விருந்தும் அவர் தமிழ்நிலம் வருமுன்பே அவரோடு இணைந்திருந்தன. இங்கு வந்தபின் மங்கியது அவருடைய படைவீரர் அடையாளமே என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: செபஸ்தியார், மறைசாட்சி, கொள்ளைநோய், அசனம், சந்தியாகப்பர், நடுகல், செஞ்சோற்றுக்கடன்.

முன்னுரை

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்களில் செபஸ்தியாரின் உருவத்தை இனங்காண்பது எளிது. மரத்திலோ தூணிலோ கட்டப்பட்ட இளைஞர். இடையில் ஒரு துணி. மார்பிலும் விலாவிலும் தொடையிலும் தைத்த அம்புகள். அவர் பேரரசின் படையில் பொறுப்பு வகித்தவர் என்பதை அவ்வுருவத்திலிருந்து அறிய வழியில்லை. வாள் இல்லை; கவசம் இல்லை; குதிரை இல்லை. இதற்கு மாறாக, சந்தியாகப்பர் எனப்படும் யாகப்பரின் உருவம் குதிரைமீது அமர்ந்து வாளோங்கிய நிலையில் அமைகிறது. விவிலியத்தின்படி அவரோ கலிலேயக் கடலில் வலைவீசிய மீனவர். படைவீரர் கருவி இழந்தும், மீனவர் கருவி ஏந்தியும் நிற்கும் இம்முரண் தமிழ்க் கிறித்தவ வழக்காறுகளை ஆராய்வோர் கருத்தை ஈர்த்திருக்க வேண்டும். ஆயினும் செபஸ்தியார் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே திசையில் செல்கிறது: அம்மைநோய்க்கு மாரியம்மனை வழிபட்ட மக்கள் சமயம் மாறியபின் அவ்விடத்தில் செபஸ்தியாரை வைத்துக்கொண்டனர் என்பதே அது.

இவ்விளக்கத்துக்குப் பின்னணியாக அமைந்த ஆய்வுகள் எளியவை அல்ல. சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட நூலில் தென்னிந்தியக் கிறித்தவ, இசுலாமியப் புனிதர் வழிபாடுகளை உள்ளூர்த் தெய்வங்களின் ஆற்றல் பற்றிய கருத்துகளோடும் ஆட்சியுரிமையோடும் இணைத்து விளக்கினார். டேவிட் மோஸ் 2012இல் வெளியிட்ட நூல், பழைய இராமநாதபுரச் சீமையின் சிற்றூர் ஒன்றில் சந்தியாகப்பர் விழா ஊர் மரியாதைகளோடும் சாதி உறவுகளோடும் பின்னிக் கிடந்ததை நெடுங்காலக் களப்பணியின்வழிக் காட்டியது. இவற்றைச் சுருக்கி எடுத்தாளும் கட்டுரைகளில் ‘இன்ன தெய்வத்துக்கு இன்ன புனிதர்’ என்னும் வாய்பாடு மட்டுமே எஞ்சிவிடுகிறது. வாய்பாடு எளிது, செபஸ்தியாரைப் பொறுத்தவரை அது பொருந்தவில்லை.

வரலாறும் கதையும்

செபஸ்தியார் பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. உரோமையில் 354ஆம் ஆண்டுக்குரிய தொகுப்பு நூலில் இடம்பெறும் மறைசாட்சியர் அடக்கப் பட்டியல் அவரைச் சனவரி 20க்கு உரியவராகக் குறித்து, அடக்கமான இடத்தையும் தருகிறது. அது ஆப்பியன் நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தடிக் கல்லறைப் பகுதி. இன்று அவர் பெயரால் பெருங்கோவில் அமைந்துள்ள இடம். மிலான் நகர ஆயராக இருந்து 397இல் மறைந்த அம்புரோசியார், பழைய எண்முறையில் 118ஆம் திருப்பாடலுக்கு எழுதிய விளக்கத்தில், செபஸ்தியார் மிலானைச் சேர்ந்தவர் என்றும் உரோமைக்குச் சென்று அங்கு உயிர்துறந்தார் என்றும் கூறுகிறார். இவ்விரு சான்றுகளிலும் அம்பு இல்லை, படைப்பதவியும் இல்லை.

அவை இரண்டும் 5ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதப்பட்ட ‘செபஸ்தியாரின் பாடுகள்’ என்னும் கதைநூலில் தோன்றுகின்றன. நெடுங்காலம் அம்புரோசியார் பெயரில் வழங்கிய அந்நூலைப் பிற்கால ஆய்வாளர்கள் இளைய அர்னோபியுசுக்கு உரியதாகக் கருதுகின்றனர். அதன்படி செபஸ்தியார் நார்போனில் பிறந்து மிலானில் வளர்ந்தவர். பேரரசனின் காவற்படையில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். தம் நம்பிக்கையைப் படையுடைக்குள் மறைத்துக்கொண்டு, சிறைப்பட்ட கிறித்தவர்களுக்கு ஊக்கம் அளித்துவந்தார். மார்க்கு, மார்செல்லியன் என்னும் உடன்பிறந்தார் பெற்றோரின் கண்ணீர் கண்டு தளர்ந்த வேளையில் அவர்களை உறுதிப்படுத்தினார். பேச்சிழந்த சோயே என்னும் பெண்ணுக்குப் பேச்சை மீட்டுத் தந்தார். செய்தி வெளிப்பட்டபோது தியோக்கிளேசியன் அவரைக் களத்தின் நடுவே நிறுத்தி வில்லாளர்களிடம் ஒப்படைத்தான். உடலெங்கும் தைத்த அம்புகளால் அவர் முள்ளெலிபோல் தோன்றினார் என்பது அந்நூலின் உவமை.

கதையின் திருப்பம் இதன் பின்னர்தான் உள்ளது. அம்புகளால் அவர் இறக்கவில்லை. உடலை அடக்கம் செய்ய இரவில் வந்த ஐரீன் என்னும் கைம்பெண், உயிர் இருப்பதைக் கண்டு தம் இல்லத்துக்கு எடுத்துச்சென்று மருந்திட்டார். உடல் தேறியதும், தப்பியோடுமாறு மற்றவர்கள் வேண்டியும் கேளாது, செபஸ்தியார் பேரரசன் வரும் வழியில் சென்று நின்று அவன் செய்யும் கொடுமையை எடுத்துரைத்தார். இம்முறை தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். நகரின் பெருஞ்சாக்கடையில் வீசப்பட்ட உடலை லூசினா என்னும் பெண்மணி மீட்டு அடக்கம் செய்தார். அவர் உயிரைப் பறித்தது தடி. ஆயினும் ஓவியமும் சிற்பமும் தடியைக் கைவிட்டு அம்பையே ஏந்தின. இத்தெரிவு இக்கட்டுரைக்கு முதன்மையானது. அம்பு அவர் சாவின் குறியன்று, சாவைத் தாண்டிய குறி.

தமிழில் ‘வேதசாட்சி’, ‘இரத்தசாட்சி’, ‘மறைசாட்சி’ என வழங்கிவரும் சொற்கள் மூன்றும் ‘சாட்சி’ என்னும் உறுப்பை விடாது காக்கின்றன. மூலமாகிய கிரேக்கச் சொல்லின் பொருளும் சாட்சி என்பதே. ‘தியாகி’ போன்ற சொல் வழக்கூன்றியிருப்பின் உயிரிழப்பே முன்னின்றிருக்கும்; ‘சாட்சி’ என்பதால் அரசன்முன் திரும்பிவந்து பேசிய அந்த இரண்டாம் வருகைக்கும் சொல்லளவில் இடம் கிடைக்கிறது.

நோயின் அம்பு

அம்பைக் கொள்ளைநோயாகக் காணும் மரபு கிறித்தவத்தினும் பழையது. ஓமரின் இலியத்து முதற்பகுதியில் அப்போலோன் எய்யும் அம்புகளே கிரேக்கப் பாசறையில் நோயாகப் பரவுகின்றன. விவிலியத்தின் 91ஆம் திருப்பாடல் பகலில் பாயும் அம்பையும் இருளில் உலவும் கொள்ளைநோயையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. செபஸ்தியாரின் கதை இம்மரபோடு இணைந்ததற்கான தெளிவான பதிவு, 8ஆம் நூற்றாண்டில் எழுதிய இலம்பார்டிய வரலாற்றாசிரியர் பவுலின் நூலில் உள்ளது. 680ஆம் ஆண்டளவில் உரோமையையும் பாவியா நகரையும் கொள்ளைநோய் தாக்கியது. பாவியாவில் நல்ல வானதூதரும் தீய வானதூதரும் இரவில் தெருக்களில் நடந்தனர்; தீய தூதர் கையிலிருந்த வேட்டை ஈட்டியால் ஒரு வீட்டின் கதவை எத்தனைமுறை தட்டினாரோ அத்தனை பேர் மறுநாள் அவ்வீட்டில் மாண்டனர். விலங்குப் பேதுரு ஆலயத்தில் செபஸ்தியாருக்குப் பீடம் எழுப்பினாலன்றி நோய் நீங்காது என ஒருவருக்கு வெளிப்படுத்தப்பட்டது. பீடம் எழுந்தது, நோய் நின்றது என்கிறார் பவுல்.

உரோமையிலுள்ள அதே பெயருடைய ஆலயத்தில் அக்காலத்துக்குரிய கற்பதிகை ஓவியம் ஒன்று இன்றும் காணப்படுகிறது. அதிலுள்ள செபஸ்தியார் நரைத்த தாடியும் முழு உடையும் கொண்ட முதியவர், அம்புகள் தைக்கவில்லை. 1348இன் பெருங்கொள்ளைநோய்க்குப் பிந்திய நூற்றாண்டுகளில்தான் இத்தாலிய ஓவியர்கள் அவரை ஆடை களைந்த இளைஞராக, அம்புகள் தைத்தவராக மீண்டும் மீண்டும் தீட்டினர். படைவீரர் மங்கி நோய்தாங்கி முன்வரும் மாற்றம் ஐரோப்பாவிலேயே தொடங்கிவிட்டது. தமிழக ஆலயங்களுக்கு வந்த உருவம் இந்தப் பிற்கால உருவமே.

கடல்வழி வந்த நேர்ச்சை

செபஸ்தியாரைத் தமிழ்க் கடற்கரைக்குக் கொணர்ந்தவர்கள் போர்த்துகீசியர். அவர்களிடம் அவர் பெற்றிருந்த செல்வாக்கை எண்ணிப்பார்க்காமல் இங்குள்ள வழிபாட்டை விளக்க முற்படுவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் எனலாம். போர்த்துகல் அரசன் செபஸ்தியான் 1554 சனவரி 20இல் பிறந்ததால்தான் அப்பெயர் பெற்றான். அந்நாட்டின் பெய்ரா நகரில் 1505இல் கொள்ளைநோய் வாட்டியபோது ஊரார் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டு, ஆண்டுதோறும் இனிப்பு அப்பம் படைப்பதாக வாக்களித்தனர். சிறுமியர் வெண்ணாடை உடுத்து அவ்வப்பங்களைத் தலையில் சுமந்து செல்லும் விழா இன்றும் சனவரி 20இல் நடைபெறுகிறது. வடபோர்த்துகலின் பாரோசோ மலைப்பகுதிச் சிற்றூர்களில் அதே நாளில் தெருவில் நீண்ட மேசையிட்டு, ஊருக்கு வந்தோர் அனைவருக்கும் அப்பமும் சோறும் இறைச்சியும் வழங்குகின்றனர். நோயிலிருந்து காத்ததற்கான நன்றிக்கடன் என்றே அவர்கள் அதைக் கூறுகின்றனர்.

இச்செய்தி தமிழக வழக்காறுகளை அறிந்தோர்க்குத் திகைப்பூட்டக்கூடும். செபஸ்தியார் பெயரால் நேர்ந்துகொண்டு ஊருக்கே சோறும் கறியும் ஆக்கிப்போடும் பழக்கம் தமிழ் மண்ணுக்கே உரியது எனக் கொள்வது இயல்பான எண்ணம். ஆனால் நேர்ச்சை விருந்தும் புனிதரோடு கப்பலேறி வந்திருக்க இடமுண்டு. எது எங்கிருந்து எங்குச் சென்றது என்று வரையறுப்பதைவிட, இரு மரபுகள் ஏற்கெனவே ஒத்த வடிவங்களோடு சந்தித்தன என்பதே சான்றுகளுக்கு நெருக்கமான முடிவு.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். புனிதர் வரலாறுகளைத் தமிழில் தொகுத்த அண்டிரிக்கு அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியது. தமிழின் தொடக்ககால அச்சுநூல்களுள் ஒன்றே புனிதர் வரலாறாக அமைந்ததிலிருந்து, அவ்வகைக் கதைகளுக்கு இருந்த தேவை விளங்கும். பெயர்களும் இதற்குச் சான்றாகின்றன. செபஸ்தியான், செபத்தியான், பஸ்தியான் எனவும், ஈழத்தில் வஸ்தியான், வஸ்தியாம்பிள்ளை எனவும் வழங்கும் ஆட்பெயர்கள் நூலிலிருந்து வந்தவையல்ல, வாய்வழி வந்தவை. முதலசை கெட்ட ‘பஸ்தியான்’ என்னும் வடிவமே அதைக் காட்டும். ‘வஸ்தியாம்பிள்ளை’ என்பதிலுள்ள மகரத்தைப் போர்த்துகீசிய மூக்கொலி ஈற்றின் எச்சமாகக் கொள்ளலாம். ‘ஆண்பிள்ளை’ பேச்சில் ‘ஆம்பிள்ளை’ ஆவதுபோன்ற தமிழ்ப் புணர்ச்சி மாற்றமாகவும் கொள்ளலாம். யோவானைக் குறிக்கும் ‘சஞ்சுவாம்’ என்னும் பழவடிவம் முதல் விளக்கத்துக்குத் துணைநிற்கிறது. மன்னார் மறைமாவட்டம் 1981இல் உருவானபோது அதன் பேராலயமாக அமைந்ததும் செபஸ்தியார் ஆலயமே.

அம்மையும் அம்பும்

பதிலீட்டு விளக்கத்தின் அடிப்படையை இங்கு நேராக ஆராயலாம். மாரியம்மன் வழிபாட்டில் அம்மைநோய் தெய்வத்தின் வருகை. முத்துகள் அவள் இட்டவை. நோயாளியின் உடலில் அவளே இறங்கியிருக்கிறாள். ஆதலின் வீட்டார் நோயை விரட்டுவதில்லை. குளிர்வித்து, வேப்பிலை இட்டு, மரியாதையோடு வழியனுப்புகின்றனர். தருபவளும் எடுப்பவளும் ஒருத்தியே. அச்சமும் அன்பும் ஒரே உருவத்தின்மேல் குவிகின்றன.

செபஸ்தியார் எவர்க்கும் நோய் தருவதில்லை. அம்பு எய்பவர் வேறு. அவர் அதைத் தம் உடலில் ஏற்றவர். நோயாளிக்கும் அவருக்கும் உள்ள உறவு, தெய்வத்துக்கும் அதன் இருப்பிடமான உடலுக்கும் உள்ள உறவன்று. முன்பு தாக்குண்டு பிழைத்த ஒருவருக்கும் இப்போது தாக்குண்டவருக்கும் உள்ள உறவு. அவரிடம் வேண்டுபவர் அவரைக் குளிர்விக்க வேண்டியதில்லை. அவர் சினந்து வந்தவரல்லர். மாரியம்மன் வழிபாட்டில் அலகு குத்துதல் முதலிய சடங்குகளில் அடியவர் தம் உடலில் துளையேற்கிறார். செபஸ்தியார் வழிபாட்டிலோ துளைபட்ட உடல் புனிதருடையது. இரண்டும் ஒன்று எனக் கூறும்போது, இரண்டில் எதனையும் நாம் புரிந்துகொள்ளவில்லை என்பதே வெளிப்படுகிறது. மாரியம்மன் வழிபாட்டையும் அது வெறும் ‘நோய்தீர்க்கும்’ வேலையாகக் குறைத்துவிடுகிறது.

எனினும் பதிலீட்டு விளக்கத்துக்கு ஆதரவான ஒரு செய்தியை மறைத்தல் முறையாகாது. செபஸ்தியாரின் திருநாள் சனவரி 20; தை முதல்வாரத்தை ஒட்டியது. ஆயின் திண்டுக்கல் முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் ஆலயப் பெருவிழா ஆகத்து மாதத் தொடக்கத்தில் நடைபெறுகிறது. அஃது ஆடி, அம்மனுக்கு உரியதாகத் தமிழ்நிலம் கருதும் மாதம். திருநாள் இடம்பெயர்ந்ததில் உள்ளூர்ப் பருவக்கணக்கின் செல்வாக்கு இருத்தல் கூடும். ஆனால் மாதம் ஒத்ததால் பொருளும் ஒத்ததாகாது. ஆடியில் அம்மனுக்கு ஊற்றப்படுவது கூழ்; வெம்மை தணிக்கும் உணவு. முத்தழகுபட்டியில் பரிமாறப்படுவது ஆட்டிறைச்சியும் கோழியும் சேர்ந்த விருந்து. குளிர்வித்தல் என்னும் கருத்துக்கு அங்கு இடமே இல்லை.

முத்தழகுபட்டி விருந்து

இவ்விழா தனித்துக் கருதத்தக்கது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி முதலியவற்றைக் காணிக்கையாகக் கொணர்ந்து ஒப்படைக்கின்றனர். காணிக்கை ஆடுகள் நூற்றுக்கணக்கிலும் கோழிகள் அதனினும் மிகுதியாகவும் சேர்கின்றன. அவை யாவும் ஒன்றாக வெட்டிச் சமைக்கப்பட்டு, இரவு முழுவதும் பந்தி நடைபெறுகிறது. கிறித்தவர், இந்துக்கள், இசுலாமியர் என்னும் வேறுபாடின்றி மக்கள் வந்து உண்கின்றனர். பாத்திரங்களில் வாங்கிச் செல்வோரும் உண்டு. இவ்வுணவை உண்டால் நோய் அண்டாது என்னும் நம்பிக்கையும் நிலவுகிறது. தென்மாவட்டங்களில் ‘அசனம்’ என்னும் சொல்லால் குறிக்கப்படும் ஆலய விருந்துகளோடு இதை இணைத்துக் காணவேண்டும். ‘அசனம்’ உணவு என்னும் பொருளுடைய பழஞ்சொல். அன்றாடப் பேச்சில் அரிதாகிவிட்ட பின்பும் கிறித்தவ வழக்கில் உயிரோடிருக்கிறது.

இங்கு நோக்கத்தக்கது காணிக்கை அடையாளம் இழக்கும் முறை. ஒருவர் நேர்ந்துவிட்ட ஆட்டை அவரே வெட்டி உறவினர்க்குப் பங்கிடும் முறை தமிழ்நாட்டுக் காவல்தெய்வ வழிபாடுகளில் பரவலாக உண்டு. அங்குப் படையல் திரும்பக் குடும்பத்துக்கே வரும். முத்தழகுபட்டியில் யார் கொடுத்த ஆடு யார் இலையில் விழுகிறது என்பதை எவரும் அறிய இயலாது. கொடுத்தவர் பெயர் கொப்பரையில் கரைந்துவிடுகிறது. பாரோசோவின் நீண்ட மேசைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை இவ்விடத்தில்தான் நெருக்கமாகிறது.

கேரளத்தில் இதே புனிதருக்கு எடுக்கப்படும் ‘அம்பு பெருநாள்’ வேறொரு வழியில் செல்கிறது. அங்கு அம்பே வீடுவீடாக எழுந்தருள்கிறது. ஒவ்வொரு குடும்பமும் அம்பை வரவேற்று வணங்கி அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறது. பவுலின் கதையில் இரவில் கதவு தட்டிய ஈட்டியை நினைந்தால் இவ்வழக்கத்தின் பொருட்செறிவு விளங்கும்: சாவைச் சொல்லித் தட்டிய கருவியே அருளைச் சொல்லி வாயிலுக்கு வருகிறது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு எனக் கொள்ளச் சான்றில்லை, ஒப்புமை மட்டுமே. கேரளத்தில் கருவி சுற்றுகிறது. முத்தழகுபட்டியில் சோறு சுற்றுகிறது.

இவ்விருந்தைக் கொண்டு செபஸ்தியார் வழிபாடு சாதி கடந்தது எனத் தீர்ப்பெழுதுவதும் அவசர முடிவே. தமிழகக் கத்தோலிக்கத்தில் சாதி ஊன்றிய வேர் ஆழமானது. வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதியால் மக்களைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது, ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ அவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. மோஸ் விளக்கும் சந்தியாகப்பர் விழாவிலும் யார் முதலில், யார் பின்னர் என்னும் மரியாதை வரிசையே பூசல்களின் களமாக இருந்தது. ஓரிரவு ஒரே கொப்பரைச் சோற்றை உண்பவர்கள் மறுநாளும் ஒன்றாக உண்கிறார்களா என்பது விழாவைக் கொண்டு விடைகாணத்தக்க வினா அன்று. தேர் இழுக்கும் உரிமை வரிசை கேட்கும். அள்ளிப் போடும் சோற்றில் வரிசை வைப்பது கடினம் என்ற அளவில் நின்றுகொள்ளலாம்.

படைக்கலம் யாரிடம் சென்றது?

நோய்தாங்கியாக மாறிய செபஸ்தியார் விட்டுச்சென்ற படைவீரர் இடம் தமிழ் மரபில் வெறுமையாக இருந்ததா என்பது அடுத்த வினா. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் இயற்றிய ‘சந்தியோகுமையோர் அம்மானை’, ஈழத்துக் கத்தோலிக்க இலக்கியங்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்றாகக் கொள்ளப்படுவது. கிளாலி யாகப்பர் ஆலயத்தோடு தொடர்புடையது. எரோது அரசனால் கி.பி. 44ஆம் ஆண்டளவில் வாளால் கொல்லப்பட்ட திருத்தூதர், ஸ்பெயின் நாட்டு மரபில் கிளாவிகோ போர்க்களத்தில் வெண்குதிரை ஏறித் தோன்றும் போர்த்துணைவராக மாறியவர். அந்த மாற்றுருவமே போர்த்துகீசியர் வழியாக இங்கு வந்தது. இராமேசுவரத் தீவில் தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் ஆலயத்தில் சூலை 25இல் விழா நடைபெறுகிறது. ஐயனாரையும் காவல்தெய்வங்களையும் குதிரையோடு கண்டு பழகிய நிலத்துக்குக் குதிரையேறிய புனிதர் அயலார் ஆகவில்லை.

மேடையோ வேறொரு படைவீரரை எடுத்துக்கொண்டது. ஈழத்துக் கத்தோலிக்கக் கூத்து மரபில் புகழ்பெற்ற எஸ்தாக்கியார் நாடகத்தின் தலைவர், திராயான் பேரரசனின் படைத்தளபதி பிளாசிதர். வேட்டைக்குச் சென்ற இடத்தில் கலைமானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறியவர். செல்வம் இழந்து, மனைவி மக்களைப் பிரிந்து, மீண்டும் படைத்தலைமை ஏற்று, குடும்பத்தோடு சேர்ந்து, இறுதியில் அதிரியான் ஆணையால் மறைசாட்சியானார். அரசன் கொலு, வேட்டை, போர், பிரிவு, கூடல் என்று கூத்துக்கு வேண்டிய யாவும் அவர் கதையில் உள்ளன. செபஸ்தியார் கதையில் போர்க்களமே இல்லை. படைவீரராக இருந்தும் அவர் எவரையும் எதிர்த்து வாளெடுத்ததாக மூலநூல் கூறவில்லை. குதிரை ஆலயத்தில் சந்தியாகப்பருக்கும், போர் மேடையில் எஸ்தாக்கியாருக்கும் சென்றுவிட்ட நிலையில், செபஸ்தியாரிடம் எஞ்சியவை மரமும் அம்பும்.

அம்பு தைத்த வீரன் தமிழ்நிலத்துக்குப் புதியவன் அல்லன். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த திருவண்ணாமலை வேங்கிக்காலிலிருந்து மேற்கே சென்றால் வரும் செங்கம் வட்டாரம் தமிழக நடுகற்களின் பெருங்களஞ்சியம். இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. தொறுப்பூசலில் ஆநிரை மீட்டுப் பட்ட வீரர்களுக்கு எடுத்த பல்லவர் காலக் கற்கள் அவற்றுள் பல. உடலில் அம்பு தைத்த நிலையில் வீரனைக் காட்டும் கற்களும் உண்டு. காட்சி முதல் வாழ்த்தல் ஈறாகத் தொல்காப்பியம் கூறும் நடுகல் துறைகள் இவ்வழிபாட்டின் பழமைக்குச் சான்று. ஆயினும் ஒரு வேறுபாடு கண்ணுக்கு உடனே புலப்படும். நடுகல் வீரன் அம்பு தைத்த நிலையிலும் வில்லையோ வாளையோ விடவில்லை. விழுப்புண் என்பது எதிர்த்து நின்றதன் சான்று. செபஸ்தியாரின் கைகள் கட்டப்பட்டவை. அவர் புண்கள் எதிர்த்து நின்றதால் பெற்றவை அல்ல. புறத்திணைக் கணக்கில் அவற்றை எங்கு வைப்பது என்பது எளிதன்று. வாகைத்திணையின் அவிப்பலி ஓரளவு அண்மையில் வருகிறது. ஆனால் அவிப்பலியில் உயிர் வழங்கப்படுவது பெரும்பாலும் அரசன்பொருட்டே.

செபஸ்தியார் கதையின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மூலநூலில் பேரரசன் அவர்மேல் சுமத்தும் முதற்குற்றம் சமயம் பற்றியதன்று, நன்றி பற்றியது. அரண்மனையின் முதன்மையோருள் ஒருவராக வைத்திருந்தும் தன் நலனுக்கு எதிராக மறைவில் இயங்கினார் என்கிறான் தியோக்கிளேசியன். தமிழில் இக்குற்றத்துக்குப் பெயர் உண்டு: செஞ்சோற்றுக்கடன் பிழைத்தல். அரசன் சோற்றை உண்டவன் அவன்பொருட்டு உயிர்விடுதலே அறம் என்னும் இலக்கணத்தின்படி செபஸ்தியார் குற்றவாளியே. பாரதக் கன்னனைத் தமிழ் மரபு உயர்த்திப் பேசுவதும் அவ்விலக்கணத்தால்தான். தவறான தரப்பு என அறிந்தும் உண்ட சோற்றுக்காக நின்றவன் அவன். செபஸ்தியார் அரசனுக்கு அளிக்கும் விடை அவ்வழக்கை மறுப்பதில்லை. வேறு பொருளில் ஏற்கிறது. அரசன் நலத்துக்காகவும் நாட்டின் நலத்துக்காகவும் தாம் எந்நாளும் வேண்டிவந்ததாகவும், கல்லால் ஆன தெய்வங்களிடம் அந்நலத்தைக் கேட்பதே வீண் என்றும் அவர் கூறுகிறார். கடனைத் தீர்த்தேன், நீ எதிர்பார்த்த நாணயத்தில் அன்று என்பது அதன் சாரம்.

தமிழில் செபஸ்தியாரைப் போற்றும் வழிபாடு இவ்வுரையாடலைவிட்டு அதற்கு அடுத்த காட்சியைப் பற்றிக்கொண்டது. அரசன் நன்றி மறந்தவன் எனச் சொல்லித் தண்டித்த ஒருவரின் பெயரால் திண்டுக்கல்லில் ஓரிரவு முழுவதும், வந்தவர் யாவர் எனக் கேளாமல் சோறு போடப்படுகிறது. அவ்விருந்தில் உண்டவர் எவரும் எவர்க்கும் கடன்பட்டவராவதில்லை. ஆடு கொடுத்தவரின் கடன் மட்டுமே அங்குத் தீர்கிறது.